எலுமிச்சம்பழம் நிறுத்திய லிஃப்ட்

போன மாதம் ஒரு எலுமிச்சம்பழம் என்னையும் என் வீட்டுக்காரரையும் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் தொங்கவிட்டது.

சிரிக்காதீர்கள். சிரிக்கத்தான் போகிறீர்கள், தெரியும். வீட்டுக்கு வந்தபிறகு நானும் ஒருமுறை சிரித்தேன். அப்புறம் ஆத்திரம் வந்தது. இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும்... ஆத்திரம் வந்தால் எழுதித்தான் தீர்ப்பேன். தொழிற்சாலையில் இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை இது. எழுதும்போதும் கொஞ்சம் கத்தும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈப்போ பழைய நகரத்தில், ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், ஒரு ஐந்து மாடிக் கட்டடம் இருக்கிறது. பெயர் வேண்டாம். பார்த்தவர்களுக்குத் தெரியும். நாடு சுதந்திரம் பெற்ற மெர்டேக்காவை ஒட்டிய காலத்தில் கட்டியது. வெயிலைத் தடுக்க முகப்பு முழுக்கச் சிமெண்டில் சின்னச் சின்னப் பெட்டிகள். தூரத்திலிருந்து பார்த்தால் புறாக்கூண்டுகளை அடுக்கி வைத்த மாதிரி இருக்கும். உள்ளே அகலமான மொசைக் படிக்கட்டு. அதன் ஓரத்தில் பித்தளைக் கைப்பிடி. படிக்கட்டுக்குப் பக்கத்தில் லிஃப்ட்.

அந்த லிஃப்ட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தக் காலத்து லிஃப்ட் மாதிரி தானாகத் திறந்து மூடாது. இரும்புச் சட்டங்களைக் கோத்த மடக்குக் கதவு. கையால் இழுத்துச் சாத்த வேண்டும். வெளிக்கதவு ஒன்று, உள்கதவு ஒன்று. இரண்டும் ஒழுங்காகச் சாத்தியிருந்தால்தான் நகரும். கம்பிகளுக்கு நடுவே ஒவ்வொரு மாடியும் கீழே இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே மேலே போகலாம். முதல்முறை ஏறியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். என் வீட்டுக்காரருக்குச் சந்தோஷம். கதவில் இருந்த பித்தளைப் பிடியை இடது கையால் தடவிக்கொண்டே வந்தார்.

ஏன் இடது கை? வலது கை வராது. வலது காலும் வராது. பேச்சும் வராது.

இந்த வருட நடுவில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. லாரி ஓட்டியவர். சுங்கை சிப்புட், தைப்பிங், கமுந்திங் என்று பேராக் முழுக்கச் சுற்றியவர். ஒரு காலைப் பொழுதில் காப்பிக் குவளை கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. நான் என்ன கேட்டாலும் 'தா... தா...' என்கிற ஒரு சத்தம்தான். எல்லாம் புரியும். சொல்லத்தான் வராது. வாய் ஓயாமல் பேசுகிற ஆள், இப்போது உப்பு வேண்டும் என்றால்கூடக் கையைக் காட்டுகிறார்.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் என்னிடம் ஒளிக்காமல் சொன்னார். இந்த முதல் சில மாதங்களில் எவ்வளவு திரும்பி வருகிறதோ அதுதான் பெரும்பங்கு. பயிற்சியை விட்டுவிடாதீர்கள். பேச வைத்துக்கொண்டே இருங்கள். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அன்றிலிருந்து தூக்கம் சரியாக இல்லை. ஒரு வாரம் வீணாய்ப் போனால் ஒரு விரல் போச்சு, ஒரு வார்த்தை போச்சு என்று மனசு கணக்குப் போடுகிறது.

அரசாங்க ஆஸ்பத்திரியில் பயிற்சிக்குத் தேதி தருகிறார்கள். ஆனால் ஒரு தேதிக்கும் அடுத்த தேதிக்கும் நடுவே வெகு தூரம். அதனால்தான் கவிதாவிடம் போனோம். கமுந்திங்கிலிருந்து வந்த பெண். பிசியோதெரபி படித்துவிட்டுச் சொந்தமாக நிலையம் வைத்திருக்கிறாள். எங்கே? அந்தக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில்.

நடக்க முடியாதவர்களுக்கு வைத்தியம் மூன்றாவது மாடியிலா? முதல்நாளே கேட்டுவிட்டேன்.

"கீழ்க்கடை எல்லாத்தையும் காப்பிக் கடைக்காரங்க எடுத்துட்டாங்க அக்கா. என் கைக்கு எட்டுனது மேலதான். அதான் லிஃப்ட் இருக்குல்ல" என்றாள்.

லிஃப்ட் இருக்குல்ல. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அந்த மாடியில் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். இடுப்பு பிடித்தவர்கள், கால் முறிந்தவர்கள், என் வீட்டுக்காரரைப் போல ஒரு பக்கம் இழுத்துக்கொண்டவர்கள். அங்கே தரையில் பதித்த இரண்டு கம்பிகளுக்கு நடுவே அவரை நிறுத்தி நடக்க வைப்பாள் கவிதா. ஒவ்வொரு எட்டுக்கும் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தையை வாங்கப் பார்ப்பாள். "அண்ணே, இது என்ன கால்? சொல்லுங்க. சொன்னாத்தான் அடுத்தது." அவர் 'தா' என்பார். அவள் சளைக்க மாட்டாள். வீட்டில் நான் இதையே செய்தால் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு டிவியைப் பார்ப்பார். பெண்டாட்டி சொன்னால் எந்த ஆம்பிளைதான் கேட்கிறான்?

இந்த நிலையில்தான் கட்டடம் கை மாறியது. புது முதலாளி யார் என்று யாரும் பார்த்ததில்லை. அவர் சார்பில் ஜேசன் என்கிற சீன இளைஞர் வந்து போய்க்கொண்டிருந்தார். மரியாதையான பையன்தான். காலர் வைத்த சட்டை, கையில் எப்போதும் கைப்பேசி. சுவர்களைப் படம் எடுப்பார். படிக்கட்டைப் படம் எடுப்பார். லிஃப்ட்டை எல்லாக் கோணத்திலும் படம் எடுப்பார். மேலே குடியிருக்கிற மனிதர்களை மட்டும் எடுத்ததாக ஞாபகம் இல்லை.

லிஃப்ட்டை நிறுத்தப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. யார் சொன்னது? யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லோருக்கும் பயம். பயம் வந்தால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? சட்டம் தெரிந்தவரைப் போய்ப் பார்ப்பார்களா? எல்லோரும் சேர்ந்து முதலாளியிடம் பேசுவார்களா?

பூஜை போடுவார்கள்.

அந்தக் கட்டடத்தில் ஆயுத பூஜைக்கு லிஃப்ட்டுக்கு மாலை போடுவது பழைய வழக்கமாம். லாரிக்குப் போடுகிறோம், மோட்டார் சைக்கிளுக்குப் போடுகிறோம், தையல் இயந்திரத்துக்குப் போடுகிறோம். தினமும் நம்மைச் சுமக்கிற லிஃப்ட்டுக்குப் போடுவதில் தப்பே இல்லை. வருடா வருடம் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ, கற்பூரம். அவ்வளவோடு முடிந்துவிடும். இந்த வருடம் பயம் கூடிப் போனதால் பூஜையும் கூடிப் போனது.

முன்னால் நின்று நடத்தியவர் செல்வம். இரண்டாவது மாடியில் காப்புறுதி ஏஜெண்ட். ஊரில் எல்லோருக்கும் விபத்து வந்தால் என்ன ஆகும் என்று விளக்கிச் சொல்கிற தொழில். அவர்தான் ஒரு பை நிறைய எலுமிச்சம்பழத்தோடு வந்தார்.

நாங்கள் போனபோது கீழ்த்தளத்தில் கூட்டம். லிஃப்ட்டின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று. கதவில் சாமந்தி மாலை. சர்க்கரைப் பொங்கல் வாசனை. கீழ்த்தளத்தில் நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருக்கும் காதர் பாயும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்து நின்றார்.

"லாரின்னா சக்கரத்துக்கு அடியில பழத்த வைப்போம். இதுக்குச் சக்கரம் எங்கலா இருக்கு?" செல்வம் லிஃப்ட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"மேல மொட்டை மாடியில இருக்கும். அங்க யாரு ஏறுறது?" என்றது ஒரு குரல்.

"தம்பி, எங்கிட்ட குடுத்துடு. ஐஸ் போட்டு ஜூஸ் ஆக்கித் தரேன். பழம் வீணாப் போவுது" என்றார் காதர் பாய்.

"பாய், உங்க கடைக்கு வாற பாதிக் கூட்டம் இந்த லிஃப்ட்டுலதான் எறங்கி வருது. அது நின்னா உங்க குழம்பும் நின்னுடும். சும்மா இருங்க."

"அப்ப இன்னும் ரெண்டு சேர்த்து வையிலா."

கடைசியில் செல்வமே வழி கண்டுபிடித்தார். உள்கதவு ஓடுகிற தரைப் பள்ளத்தில் பழத்தை வைப்பது. கதவை இழுத்துச் சாத்தும்போது நசுங்கும். நசுங்கினால் திருஷ்டி போச்சு. எல்லோருக்கும் பிடித்துப் போனது. ஒரு பழத்தை வைத்தார்.

என் வீட்டுக்காரர் சக்கர நாற்காலியில் முன்வரிசையில் இருந்தார். திடீரென்று இடது கையைத் தூக்கினார். பள்ளத்தைக் காட்டி, "தா... தா..." என்றார். கையை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

செல்வம் முகம் மலர்ந்தார். "பாத்தீங்களா, லாரிக்கார அண்ணே அனுபவம் பேசுது. இந்தப் பக்கமும் ஒண்ணு வைக்கச் சொல்றாரு."

இன்னொரு பழத்தை வைத்தார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். இன்னொரு முறை கையை ஆட்டினார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார். சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தேன்.

"அண்ணேதான் மொத ஆளாப் போகணும்" என்று எங்கள் இருவரையும் உள்ளே தள்ளினார்கள். கவிதா, மேலே காத்திருப்பதாகச் சொல்லிப் படியேறிப் போனாள். கற்பூரம் காட்டினார்கள். செல்வம் வெளியே நின்றபடி உள்கதவை ஒரே இழுப்பாக இழுத்தார். பழம் நசுங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள். வெளிக்கதவையும் சாத்தினார். நான் பொத்தானை அழுத்தினேன். லிஃப்ட் கிளம்பியது.

முதல் மாடி கீழே போனது. இரண்டாவது மாடி கீழே போனது. உள்கதவு வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கடகடவென்று ஆடியது. ஒரு வெட்டு வெட்டியது. நின்றது.

என் நெஞ்சுக்கு நேராக மூன்றாவது மாடியின் தரை. கம்பி வழியாகக் கவிதாவின் செருப்பு தெரிந்தது. அப்புறம் அவள் முழங்கால் போட்டுக் குனிந்த முகம்.

"அக்கா, கதவ நல்லா இழுத்துச் சாத்துங்க."

இழுத்தேன். அசையவில்லை. திறக்கப் பார்த்தேன். அதுவும் இல்லை. கீழேயிருந்து செல்வம் குரல்: "யாரும் பயப்படாதீங்க. நான் மெயின் சுவிட்ச்ச அடைச்சுட்டேன்."

அடைத்ததும் விளக்கு அணைந்தது. காற்றாடி நின்றது. நன்றி செல்வம்.

எனக்கு இருட்டு பயமில்லை. அவர்தான் பயம். அவர் மூச்சு வேகமாக வந்தது. இரத்த அழுத்தம் ஏறக்கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். ஏறினால் இன்னொரு முறை வரலாம். இன்னொரு முறை வந்தால்... அந்த நினைப்பை நான் முடிக்கவில்லை. என் கைப்பையில் மாத்திரை இருக்கிறது. ஆனால் தண்ணீர் கெட்டியாவதற்குக் கலக்குகிற மாவு வீட்டில் இருக்கிறது. அவருக்கு வெறும் தண்ணீர் கொடுத்தால் புரையேறும்.

இதெல்லாம் தெரியாமல் காதர் பாய் மூச்சிரைக்க மூன்று மாடி ஏறி வந்து, கம்பி இடுக்கில் பிளாஸ்டிக் பையில் கட்டிய ஒரு பொட்டலத் தேநீரைத் தொங்கவிட்டார். "அக்கா, அண்ணனுக்குக் குடுங்க. தே தாரிக். கொஞ்சம் தெம்பா இருக்கும்."

"அவருக்கு ஆகாது பாய்."

"அப்ப நீங்க குடிங்க."

"பாய், இங்க நான் தொங்கிக்கிட்டு இருக்கேன்."

"தொங்கும்போது குடிக்கக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு?"

வாங்கிக் குடித்தேன். பாதி சேலையில் கொட்டியது. உண்மையைச் சொல்ல வேண்டுமே... அந்தத் தேநீர் இல்லாவிட்டால் நான் அழுதிருப்பேன்.

இருட்டில் அவர் என் கையைப் பிடித்தார். அப்புறம் அதே கையால் கதவின் அடிப்பக்கத்தைக் காட்டினார். "தா... தா..." அப்போதுதான் எனக்கு உறைத்தது. கீழே அவர் சொன்னது 'இங்கேயும் வை' என்று இல்லை. 'வைக்காதே' என்று சொல்லியிருக்கிறார். கூட்டத்தில் கத்திச் சொல்லியிருக்கிறார். நாங்கள் அதற்குப் பொட்டு வைத்து, பூ வைத்து, கை தட்டி, அவரையே உள்ளே போட்டுச் சாத்தியிருக்கிறோம்.

கவிதா பொம்பாவைக் கூப்பிட்டிருந்தாள். தீயணைப்பு வீரர்கள் வந்தார்கள். மொட்டை மாடிக்குப் போய்ச் சக்கரத்தைக் கையால் சுற்றி, எங்களை அங்குலம் அங்குலமாக மூன்றாவது மாடிக்கு ஏற்றினார்கள். உள்கதவைக் கம்பி விட்டு நெம்பித் திறந்தார்கள். ஒரு மலாய்க்கார வீரர் பள்ளத்தில் விரலை விட்டு நசுங்கிய ஒன்றை வெளியே எடுத்தார். முகர்ந்து பார்த்தார்.

"லிமாவ்?" என்றார்.

எலுமிச்சையா என்று கேட்கிறார். எலுமிச்சைத் தோல் கதவுக்கும் பள்ளத்துக்கும் நடுவே சிக்கி, ஆட்டத்தில் கதவை ஒரு விரல் அளவு விலக்கியிருக்கிறது. கதவு விலகினால் லிஃப்ட் நின்றுவிட வேண்டும். அதன் வேலையை அது சரியாகத்தான் செய்திருக்கிறது. அந்தக் கட்டடத்தில் அன்று வேலையை ஒழுங்காகச் செய்தது அது ஒன்றுதான்.

எப்போது வந்தார் என்று தெரியவில்லை, ஜேசன் பக்கத்தில் நின்றார். வீரர் கையிலிருந்த எலுமிச்சைத் தோலைப் படம் எடுத்தார். கிட்டத்தில் ஒன்று, தள்ளி ஒன்று.

அடுத்த வாரம் நாங்கள் போனபோது லிஃப்ட் பளபளவென்று இருந்தது. பித்தளையைத் துலக்கியிருந்தார்கள். உள்ளே மஞ்சள் விளக்கு. கதவுக்கு முன்னால் இரண்டு கம்பம் நட்டு, சிவப்பு வெல்வெட் கயிறு. தொடாதீர்கள் என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் பலகை.

"ஆன்ட்டி, லிஃப்ட் தாக் போலே பாக்காய்" என்றார் ஜேசன். பயன்படுத்த முடியாதாம். பாதுகாப்பு இல்லையாம். நீங்களே பார்த்தீர்கள்தானே என்றார். குரலில் உண்மையாகவே அக்கறை இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"பழத்த எடுத்தாச்சே. இப்ப ஓடும்ல?" எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன்.

ஓடுமாம். ஆனால் இது அபூர்வமான லிஃப்ட்டாம். இந்த மாதிரி இன்னொன்று ஈப்போவிலேயே இல்லையாம். பாரம்பரியச் சொத்து. மக்கள் பார்ப்பதற்காக அப்படியே பாதுகாக்கப் போகிறார்களாம்.

"எந்த மக்கள்?" என்று கேட்டேன்.

ஜேசன் யோசித்தார். "எல்லா மக்களும்" என்றார்.

என் வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்ன நினைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். பேச்சு நன்றாக இருந்த காலத்தில் அவர் பலமுறை சொன்ன கதை இது. சுங்கை சிப்புட் பக்கம் அவர்கள் இருந்த ரப்பர் தோட்டத்தின் கம்பெனி ஆபீஸ் இதே கட்டடத்தில்தான் இருந்தது. தோட்டத்து லயத்து வீடுகளில் கூரை ஒழுகுகிறது என்று சொல்ல அவருடைய அப்பாவும் இன்னும் சிலரும் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்திருக்கிறார்கள். லிஃப்ட் கதவைத் தொடப் போனபோது ஒரு ஆள் தடுத்து, பின்பக்கத்து இரும்புப் படியைக் காட்டியிருக்கிறான். லிஃப்ட் துரைமாருக்கு. பால் வெட்டுகிறவனுக்குப் பின்படி.

அந்த மனிதரின் மகன் அதே லிஃப்ட்டில், பித்தளைப் பிடியைத் தடவிக்கொண்டு, சில மாதங்கள் ஏறி இறங்கினார். சில மாதங்கள்தான். அப்போது துரைக்காக எங்களை நிறுத்தினார்கள். இப்போது போட்டோவுக்காக நிறுத்துகிறார்கள். நடுவில் கொஞ்ச காலம் அது எங்களைப் போன்றவர்களையும் தூக்கியது. அந்தக் காலத்தை மட்டும் யாரும் பாரம்பரியத்தில் சேர்க்க மாட்டார்கள்.

சரி, எங்கள் ஆட்களை விட்டுவிடுவேனா? மாட்டேன். செல்வம் என்னைப் பார்த்தால் இன்னும் தலையைக் குனிந்துகொள்கிறார். நல்ல மனுஷன்தான். ஆனால் கேட்கிறேன்... லிஃப்ட்டை நிறுத்தப் போகிறார்கள் என்று பயம் இருந்ததே, அத்தனை பேர் மாலை வாங்க ஓடினீர்களே, ஒரு ஆள் ஜேசனிடம் போய் 'நிறுத்தாதே' என்று வாயைத் திறந்து சொன்னீர்களா? சாமியிடம் சொன்னோம். சாமிக்கு அந்தக் கட்டடத்தில் பங்கு இல்லை. அவர்கள் ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தார்கள். நாம் அதை நசுக்கி, சாறு பிழிந்து, தட்டில் வைத்துக் கொடுத்தோம்.

கவிதாவின் நோயாளிகள் குறைந்தார்கள். மூன்று மாடி யார் ஏறுவது? வேறு இடம் தேடுகிறாள். கீழ்த்தளம் என்றால் காப்பிக் கடைக்குத்தான் தருவோம் என்கிறார்கள். ஈப்போவில் ஒரு மனிதன் காப்பி குடிக்க ஆயிரம் இடம் இருக்கிறது. விழுந்தவன் எழுந்து நிற்க ஒரு இடம் இல்லை. வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்துப் பார்த்தாள். அவர் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு வாரம் போனது. இன்னொரு வாரம் போனது. என் தூக்கமும் போனது.

ஒரு நாள் அவளே போன் செய்தாள்.

"அக்கா, அண்ணனக் கூட்டிக்கிட்டு வாங்க. லிஃப்ட்டுக்குத்தான் கயிறு. படிக்கட்டுக்கு இல்லியே."

"மூணு மாடி எப்படி ஏறுவாரு? உனக்கென்ன பைத்தியமா?"

"மூணு வேணாம். பாதி மாடி போதும்."

தரைத்தளத்துக்கும் முதல் மாடிக்கும் நடுவே படி திரும்புகிற இடத்தில் ஒரு பெரிய மேடை உண்டு. பெரிய ஜன்னல். நல்ல வெளிச்சம். அந்தக் காலத்துக் கட்டடம் என்பதால் படிகள் உயரம் குறைவு, அகலம் அதிகம். பித்தளைக் கைப்பிடி இடது பக்கம். அவருக்கு வருகிற கை. கவிதா இதையெல்லாம் பார்த்து வைத்திருக்கிறாள்.

இடுப்பில் ஒரு பட்டையைக் கட்டி அவள் பிடித்துக்கொண்டாள். நான் வலப்பக்கம். செல்வம் சொல்லாமலேயே வந்து சக்கர நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேலே போய் மேடையில் வைத்தார். காதர் பாய் கீழே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, விழுந்தா எம்மேல விழுங்க. மெத்தை மாரி இருப்பேன்."

"ஏறும்போது நல்ல கால் முன்னால. எறங்கும்போது வராத கால் முன்னால. மறக்காதீங்க அண்ணே" என்றாள் கவிதா.

அவர் ஏறினார். எனக்கு அதை விவரிக்கத் தெரியவில்லை. ஒவ்வொரு படிக்கும் என் உயிர் போய் வந்தது என்று மட்டும் எழுதிக்கொள்கிறேன். வலது கால் மொசைக்கில் இழுபடுகிற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மேடையை அடைந்தபோது அவர் சட்டை முழுக்க நனைந்திருந்தது. உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை. ஜன்னல் பக்கம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அன்றிலிருந்து அந்த மேடைதான் எங்கள் வைத்தியசாலை. நிற்பது, உட்காருவது, காலைத் தூக்குவது, 'இது என்ன கால்' என்று அவள் கேட்பது, 'தா' என்று அவர் சொல்வது. போகிற வருகிற சுற்றுப்பயணிகள் வேடிக்கை பார்ப்பார்கள். சிலர் சிரித்து வணக்கம் சொல்வார்கள். சிலர் எங்களை விலக்கி ஜன்னலைப் படம் எடுப்பார்கள்.

போன வாரம் ஒரு கல்யாண ஜோடி வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் எடுக்கிற படத்துக்காக. வெள்ளை கவுன் போட்ட சீனப் பெண், வியர்த்துப் போன மாப்பிள்ளை, குடை பிடிக்க ஒருவர், கேமராவோடு ஒருவர். கூடவே ஜேசன். லிஃப்ட்டுக்கு முன்னால் எடுத்து முடித்துவிட்டுப் படிக்கட்டுக்கு வந்தார்கள். கேமராக்காரர் மேடையைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். என் வீட்டுக்காரரைப் பார்த்தார். ஜேசனிடம் ஏதோ சொன்னார்.

ஜேசன் இரண்டு படி ஏறி வந்தார். "அங்கிள், கொஞ்ச நேரம் கீழ போலே? சிக்கிட் சாஜா." எங்களிடம் கற்றுக்கொண்ட தமிழை மலாயோடு கலந்து, கொஞ்ச நேரம் மட்டும் கீழே இறங்க முடியுமா என்று பணிவாகக் கேட்டார்.

ஏறி வந்து இப்போதுதான் நின்றிருக்கிறார். இறங்கினால் அன்றைக்கு மறுபடி ஏற உடம்பில் தெம்பு இருக்காது. அன்றைய பயிற்சி போச்சு. என் வாயில் நாலு வார்த்தை தயாராக வந்துவிட்டது. பத்தியில் அச்சிட முடியாத வார்த்தைகள். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் ஒரு சத்தம்.

"மா..."

கவிதா என் கையை அழுத்தினாள். பேசாதீர்கள் என்று.

அவர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். விரல் எலும்பு வெளுத்துப் போனது. கழுத்து நரம்பு புடைத்தது. ஜேசன் முகத்தை நேராகப் பார்த்தார். "மா... மா..."

காதர் பாய் கீழே அசையாமல் நின்றார். கேமராக்காரர் கேமராவைத் தாழ்த்தினார்.

"மாட்... டேன்."

இத்தனை மாதத்தில் 'தா' இல்லாத முதல் சொல். டாக்டர் கேட்டு வரவில்லை. கவிதா கெஞ்சி வரவில்லை. நான் அழுது வரவில்லை.

"என்ன சொன்னாரு?" என்று ஜேசன் என்னைக் கேட்டார். அவருக்குத் தெரியாமல் இல்லை. கேட்டுவிட்டு அவரே தலையைச் சொறிந்துகொண்டார்.

நாற்காலியோடு மேடையில் நின்ற செல்வம்தான் அழுதார். காப்புறுதி ஏஜெண்ட் அழுது அன்றுதான் பார்த்தேன். "அண்ணே, இன்னொரு வாட்டி சொல்லுங்கண்ணே." அவர் செல்வத்தைத் திரும்பிப் பார்த்தார். ஒரு பார்வை. எலுமிச்சம்பழத்தை இன்னும் மறக்கவில்லை என்கிற பார்வை.

அந்தக் கல்யாணப் பெண் என்ன நினைத்தாளோ, கவுனைச் சுருட்டிக்கொண்டு கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் பயிற்சி முடிகிறவரை காத்திருந்தாள். காதர் பாய் அவளுக்கும் ஒரு பொட்டலத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். வெள்ளைக் கவுனில் சிந்திவிடுமோ என்று அதற்கும் எனக்குப் படபடப்பு. இப்போதெல்லாம் எதற்கென்றாலும் படபடப்புதான்.

நாங்கள் கிளம்பும்போது ஜேசன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திச் சொன்னார். மொசைக் தேய்கிறதாம். அடுத்த மாதம் படிக்கட்டுக்கும் கயிறு கட்டச் சொல்லி மேலிடத்து உத்தரவாம். அவர் கையில் எதுவும் இல்லையாம்.

வேறு நாளாக இருந்தால் கத்தியிருப்பேன். ஆனால் அடுத்த மாதம் என்றால் இன்னும் எத்தனை முறை ஏற முடியும் என்றுதான் மனசில் ஓடியது. அதற்குள் எத்தனை வார்த்தை வரும்? வராமல் போனால்? இதை எழுதுகிற இந்த நேரத்திலும் அதே கவலைதான். பக்கத்து அறையிலிருந்து ஒரு சத்தம் கேட்கிறது. கஞ்சி குடிக்கச் சொன்னேன். "மாட்டேன்" என்கிறார். காலையிலிருந்து எல்லாவற்றுக்கும் அதுதான் பதில்.

கயிற்றோடு வரட்டும். பதில் சொல்ல என் வீட்டில் ஆள் இருக்கிறார்.